படத்துக்கு ஒரு சபா

(தில்லியில் ஒரு குடியிருப்புப் பகுதியின் சமுதாயக் கூடத்தில் நடந்த ஓவியக் கண்காட்சியின் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது, பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. தலைவர் என்னைக் 'கலை விமர்சகர்' என்று அறிமுகப்படுத்தினார். அது அவருடைய பெருந்தன்மை. நான் தூரிகை பிடித்தவன் இல்லை. அலுவலகம் விட்டதும், காட்சிக்கூடங்கள் இருக்கும் மண்டி ஹவுஸ் பக்கம் படம் பார்க்கப் போகிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

மேடை ஏறுவதற்கு முன் கூடத்தை ஒரு சுற்று வந்தேன். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர் லோதி தோட்டத்துக் கல்லறை மாடங்களை நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார். பள்ளி ஓவிய ஆசிரியை ஒருவர் குளிர்கால மூடுபனியில் மெட்ரோவுக்கு நிற்கும் கூட்டத்தைக் கரிக்கோலில் பிடித்திருக்கிறார். தஞ்சாவூர் பாணிக் கிருஷ்ணர்கள் ஒரு சுவர் முழுக்க இருக்கிறார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி, பாட்டி போட்ட கோலங்களை நினைவிலிருந்து எடுத்துக் கறுப்புத் துணியில் பெரிதாகத் தீட்டியிருக்கிறாள். வாசலில் இருக்கும் குறிப்பேட்டையும் புரட்டினேன். 'மிக அருமை', 'வாழ்த்துகள்', 'தொடரட்டும் கலைப்பணி' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் படத்தின் கீழும் விலை இல்லை.

இந்த மாதிரிக் கண்காட்சி என்றால் கலையுலகில் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். பொழுதுபோக்கு ஓவியர்கள், குடியிருப்போர் சங்கம், சமோசா, தேநீர் என்று தள்ளிவிடுவார்கள். அவர்களுக்குத் தில்லியின் கதையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இந்த நகரத்தில் நவீன ஓவியம் வேர்விட்டதே நாலு பேர் கூடி, கிடைத்த இடத்தில், ஒருவர் படத்தை இன்னொருவர் மாட்டியதால்தான்.

1947-இல் லாகூரை விட்டு வந்தவர்களில் ஓவியர்களும் சிற்பிகளும் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பி.சி. சன்யால். 1901-இல் அசாமின் திப்ருகரில் பிறந்து, லாகூர் மேயோ கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பிறகு அங்கேயே சொந்தமாக ஓவியப் பள்ளி நடத்தியவர். பிரிவினை அதையெல்லாம் பறித்துக்கொண்டது. தில்லியில் கோல் மார்க்கெட்டில், 26 என்ற கதவிலக்கத்தில், ஒரு கலைக்கூடம் போட்டார். அகதிகளின் கலைக்கூடம் என்றே அதற்குப் பெயர் வந்தது. கோல் மார்க்கெட் என்றதும் இங்கே சில பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். சுற்றிலும் அரசு ஊழியர் குடியிருப்புகள். நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே வாழ்ந்தன. நம் வீட்டுத் தாத்தாக்கள் காய்கறி வாங்கிய வட்டச் சந்தைக்குப் பக்கத்தில் அது நடந்துகொண்டிருந்தது.

1949 மார்ச்சில் சன்யால், கன்வல் கிருஷ்ணா, கே.எஸ். குல்கர்னி, தன்ராஜ் பகத், பி.என். மாகோ ஆகியோர் சேர்ந்து 'தில்லி ஷில்பி சக்ரா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது தில்லியில் கலைக்கென்று பெரிய அமைப்பு ஒன்று இருந்தது: 1928-இல் உருவான அகில இந்திய நுண்கலை, கைவினைக் கழகம். அதன் போக்கில் மனநிறைவு இல்லாதவர்கள்தான் தனியாக வந்தார்கள். கலை வாழ்க்கைக்கு ஒளியூட்டுவது என்பது இவர்களுடைய முழக்கம். பின்னாளில் உலகப் பெயர் பெற்ற சதீஷ் குஜ்ரால், ராம்குமார், கிருஷன் கன்னா முதலியவர்களும் இதில் கலந்துகொண்டார்கள்.

இந்த அமைப்பிடம் பணமோ கட்டடமோ இல்லை. கன்னாட் பிளேஸில் காகிதமும் எழுதுபொருளும் விற்ற தூமிமல் குடும்பத்தினர் 1936 முதலே கடையோடு ஓர் ஓவியக்கூடமும் வைத்திருந்தார்கள், அவர்கள் கைகொடுத்தார்கள். பிறகு சங்கர் மார்க்கெட்டில் சக்ராவுக்கு ஓர் இடம் கிடைத்தது. துணிக்கடைகளுக்கு நடுவே ஓவியம். இவர்கள் படத்தை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, கூடிக்கூடிப் பேசினார்கள். ஒருவர் படத்தை நடுவில் வைத்து மற்றவர்கள் குறை நிறை சொன்னார்கள். எழுத்தாளர்களும் இசைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஊரையும் தொழிலையும் இழந்து வந்தவர்களுக்குப் பாராட்டைவிட அந்தச் சண்டை தேவைப்பட்டது. தன் படத்தைத் தனக்குச் சமமான ஒருவர் உற்றுப் பார்க்கிறார் என்ற தெம்புதான் ஓவியனை மறுநாள் மறுபடி பலகை முன்னால் உட்கார வைக்கும்.

அடுத்த ஆண்டே இன்னொரு விதை விழுந்தது. சுந்தரி ஸ்ரீதராணி என்ற நடனக் கலைஞர், 1950-இல், கன்னாட் பிளேஸில் ஒரு காபிக் கடையின் மாடியறையில் திரிவேணி கலா சங்கத்தைத் தொடங்கினார். ஓவியம் கற்றுக்கொடுக்கக் குல்கர்னி. கற்றுக்கொள்ள இரண்டே மாணவர்கள். இன்று தான்சேன் மார்க்கில் இருக்கும் திரிவேணிக் கட்டடம் 1963-இல் வந்தது. அதை வடிவமைத்தவர் ஜோசப் ஆலன் ஸ்டைன். அந்தப் படிக்கட்டுத் திறந்தவெளியையும் தேநீர்க் கூடத்தையும் பார்க்கிறவர்களுக்கு, முதலில் இருந்தது ஒரு மாடியறை என்பது தெரியாது.

அரசும் வந்தது. 1954 ஆகஸ்ட் 5 அன்று லலித் கலா அகாதெமி தொடங்கப்பட்டது. ஹபீப் ரஹ்மான் வடிவமைத்த ரவீந்திர பவனில் அதற்கு நல்ல காட்சிக்கூடங்கள் அமைந்தன. சன்யாலே 1960 முதல் சில ஆண்டுகள் அதன் செயலாளராக இருந்தார். 1976-இல் கட்ஹி கிராமத்தில் கலைஞர்களுக்குப் பட்டறைகள் கிடைத்தன. இவையெல்லாம் பெரும் பேறுகள். ஆனால் ஒரு விலையும் கொடுத்தோம். அறுபதுகளின் கடைசியில் ஷில்பி சக்ரா ஓய்ந்துபோனது. படம் பார்ப்பது என்றால் மண்டி ஹவுஸ் போக வேண்டும், அழைப்பிதழ் வேண்டும், விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் படிந்துவிட்டது. மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ உட்கார்ந்து வரைகிறவர் அங்கே தேதி வாங்கி, வாடகை கட்டி, சட்டம் போட்டு, டெம்போ வைத்துப் படங்களைக் கொண்டுபோய், அட்டவணை அச்சடித்து, ஒரு வாரம் விடுப்பு எடுத்துக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் உறவினர் வருவார்கள். மற்ற நாள்களில் அவரும் காவலாளியும் மட்டும் இருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம் என்று எனக்குச் சந்தேகம்: ஜெயா அப்பாசாமி. 1918-இல் சென்னையில் பிறந்தவர். சாந்திநிகேதனில் ஓவியம் கற்றார். சீனாவுக்குப் போய் அங்கத்திய ஓவிய முறையைப் படித்தார். தில்லிக்கு வந்து பாலிடெக்னிக்கின் கலைத் துறையில் பாடம் நடத்தினார். ஷில்பி சக்ராவில் தன் படங்களைக் காட்சிக்கு வைத்தார். பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதினார். அகாதெமியின் 'லலித் கலா கண்டெம்பரரி' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1984-இல் மறைந்தார்.

இவரை நான் வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. வரைவது, பிறர் வரைந்ததைப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, பிடித்ததை வாங்கிச் சேர்ப்பது என்ற நாலு வேலையையும் ஒரே ஆள் செய்தார். சேகரித்தவை என்ன தெரியுமா? ஏலக் கூடத்தில் விலைபோகும் படங்கள் இல்லை. பழைய வீடுகளின் பூஜை அறையிலும் பட்டாலையிலும் தொங்கிய கண்ணாடி ஓவியங்கள், தஞ்சாவூர்ப் படங்கள். வீட்டை இடிக்கும்போது பாத்திரக்காரனுக்கு எடைக்குப் போட்டவை. 1980-இல் மராட்டியர் காலத் தஞ்சை ஓவியங்கள் பற்றி ஒரு நூலும், இந்தியக் கண்ணாடி ஓவியங்கள் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

கண்ணாடி ஓவியத்தின் செய்முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கமாகப் பார்க்கும் படம் அது. ஆகவே வேலை முழுக்கத் தலைகீழ். மற்ற படத்தில் கடைசியாக வைக்கும் கண்ணின் கருமணியும் மூக்குத்திப் பொட்டும் இதில் முதலில் வரும். பிறகு நகை, பிறகு புடவை, பிறகு உடம்பின் நிறம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. இடக்கை வலக்கையாகிவிடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். கோடு பிசகினால் மேலே பூசி மறைக்க வழியில்லை. சீன வணிகத்தோடு பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த இந்த உத்தியை நம் ஊர் ஓவியர்கள் கிருஷ்ணனுக்கும் யசோதைக்கும், அம்பாரி யானைக்கும், அரசருக்கும் நடன மாதருக்கும் பயன்படுத்தினார்கள். பெரும்பாலானவற்றில் கையெழுத்துக் கிடையாது. இன்ன தெருவில் இன்னார் என்று அவரை அன்று எல்லோரும் அறிந்திருப்பார்கள். அதனால் கையெழுத்துப் போடத் தோன்றியிருக்காது. ஊர் மறந்ததும் பெயரும் போய்விட்டது. அவர்கள்தான் அன்றைய வட்டார ஓவியர்கள். சீன ஓவியமும் சாந்திநிகேதனும் படித்த ஒரு தமிழ்ப் பெண் தில்லியில் உட்கார்ந்து, அவர்களுக்கு ஒரு வரலாறு எழுதிவைத்தார்.

இங்கே உள்ள தஞ்சாவூர்க் கிருஷ்ணர்களைப் பற்றியும் அந்த அம்மையாரின் கண்ணோடு ஒரு வார்த்தை சொல்லலாமா? கோபித்துக்கொள்ள மாட்டீர்களே! பலகையில் துணி ஒட்டி, சுண்ணமும் கோந்தும் குழைத்து மேடுகட்டி, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டி மாதக்கணக்கில் உழைத்திருக்கிறீர்கள். கைவேலை சுத்தம். ஆனால் எல்லாக் கிருஷ்ணர்களும் ஒரே அச்சு மாதிரியில் இருந்து பிறந்தவர்கள். வெண்ணெய்த் தாழி கூட ஒரே கோணம். பழைய படங்களைப் பாருங்கள். ஒன்றில் குழந்தை தடியன், ஒன்றில் திருடன், ஒன்றில் சின்ன மகாராஜா. வரைந்தவர் தன் வீட்டுக் குழந்தையை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். அடுத்த முறை தங்கத்தாளைக் குறைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பயலைக் கொஞ்சம் உள்ளே வர விடுங்கள்.

இப்போது சிலர் சிரித்தீர்கள், இருவர் முகம் சுளித்தீர்கள். படத்தைப் பற்றி இப்படிக் குறை நிறை சொல்லும் பேச்சு நமக்குப் புதிது. இசையில் மட்டும் புதிதில்லை. கச்சேரி முடிந்து வெளியே வந்ததும், ஆலாபனை நீளம், நிரவலில் சறுக்கல், தனி ஆவர்த்தனம் அபாரம் என்று பேருந்து வரும்வரை நாம் அலசுவோம். இதே தில்லியில் அரசு வேலை பார்த்துக்கொண்டு இசை விமர்சனம் எழுதிய சுப்புடுவின் பேனாவுக்கு மேதைகளே அஞ்சினார்கள். 2007-இல் அவர் மறைந்தபோது, அவரிடம் அடிவாங்கியவர்களும் வருந்தினார்கள். அடித்தவர் காதுகொடுத்துக் கேட்டவர் என்பது அவர்களுக்குத் தெரியும். வடக்கே வந்த நம் குடும்பங்கள் அரிசிக்கடை தேடிய கையோடு சபா தொடங்கியவர்கள். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் பிறந்துவிட்டது. பாட்டுக்கு மேடை கொடுத்தோம், கூட்டம் கொடுத்தோம், சந்தா கொடுத்தோம், கண்டிப்பான காதும் கொடுத்தோம். ஒரு பாடகர் தேறுவதற்கு வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது.

படத்துக்கு என்ன கொடுத்தோம்? கோயில் கோபுரத்தையும் ஐம்பொன் சிலையையும் பெருமை பேசுகிற நாம், நம் காலத்தில் வரைகிறவரைக் கண்டுகொள்வதில்லை. இதைத் தில்லியிலேயே நெடுங்காலம் வாழ்ந்து விடாமல் இடித்துரைத்தவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். இலக்கியத்தைப் பற்றி எழுதினாலும் நாடகத்தைப் பற்றி எழுதினாலும், நமக்குக் கண் என்ற புலன் வேலை செய்யவில்லையே என்ற ஆதங்கம் அவர் எழுத்தில் வந்துகொண்டே இருக்கும். அவரோடு வாதாடலாம். இந்த ஒரு குற்றச்சாட்டுக்கு நம்மிடம் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். குடியிருப்புக் கண்காட்சி ஓவியருக்குச் சுவர் கொடுத்தால் போதாது. சபா கொடுக்க வேண்டும். உற்றுப் பார்க்கும் கண், உள்ளதைச் சொல்லும் வாய், வாங்கும் கை மூன்றும் சேர்ந்ததுதான் சபா.

இது நம்மால் ஆகுமா என்றால், நம்மைவிடக் கடினமான சூழலில் செய்தவர்கள் இந்த ஊரில் உண்டு. வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி முதல் நாள் சாஹிபாபாதில் நாடகம் போடும்போது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். அவர் பெயரில் கலைஞர்கள் தொடங்கிய 'சஹ்மத்' அமைப்பு, 1992-இல் தில்லி ஆட்டோ ஓட்டுநர்களை அழைத்து, மத நல்லிணக்க வாசகங்களை வண்டியின் முதுகில் எழுதச் சொன்னது. ஓட்டுநர்களே எழுத்தாளர்கள், ஓவியர்கள். ஊரெங்கும் ஓடிய அந்த வண்டிகள்தான் கண்காட்சி. பெரிய ஓவியர்களோடு ஆட்டோக்காரரின் வரியும் கலையுலகக் கணக்கில் ஏறியது.

1997-இல் ஆண்டுப் பட்டறையாகத் தொடங்கிய 'கோஜ்' அமைப்பு, பிறகு கிர்க்கி விரிவாக்கத்தில் குடியேறியது. துக்ளக் காலத்து மசூதி ஒரு பக்கம், சாகேத்தின் பளபளக்கும் வணிக வளாகங்கள் எதிர்ப்பக்கம், நடுவில் சந்துகள். பீகாரிகள், நேபாளிகள், ஆப்கானியர், ஆப்பிரிக்க நாட்டவர் எல்லோரும் நெருக்கியடித்து வாழும் இடம். அங்கே உலகத்தரக் கலைக்கூடம் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். அவர்கள் சந்துக்குள் இறங்கினார்கள். தையற்கடைக்காரரும் பிள்ளைகளும் பங்குபெறும் வேலைகள் நடந்தன. பின்னர் அந்தப் பகுதிக்கென்று 'கிர்க்கி வாய்ஸ்' என்ற தெருப் பத்திரிகை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரை ஐயத்தோடு பார்த்தவர்கள் அவருடைய கதையைப் படித்தார்கள்.

லோதி காலனியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரன் கடைசிக் காலத்தில் கட்டிய அரசுக் குடியிருப்பு. அதன் சுவர்களில் 2015 முதல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு உலக ஓவியர்களையும் நம் நாட்டவரையும் வைத்துப் பெரிய படங்கள் தீட்டியது. அதே அமைப்பு சென்னைக் கண்ணகி நகரிலும் சுவர்களுக்கு வண்ணம் சேர்த்தது. அழகுதான். எனக்கு ஒரே ஒரு குறை. லோதி காலனிக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள், உள்ளே குடியிருப்பவரில் யாராவது வரைகிறாரா என்று கேட்பதில்லை. வெளியூர் ஓவியர் சாரத்தில் நின்று வரைந்தபோது அண்ணாந்து பார்த்த பிள்ளைகளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து அந்தப் படங்களையும் ஓரிடத்தில் மாட்டினால், அந்தச் சுவர்கள் குடியிருப்பின் சொத்தாகும்.

கடைசியாகப் பணம். விலை எழுதக் கூச்சப்படுகிறீர்கள். 'சும்மா ஆசைக்கு வரைந்தேன்' என்கிறீர்கள். இருக்கட்டும், கேன்வாஸ்காரன் ஆசைக்குத் தருகிறானா? சட்டம் போடுகிறவர் சும்மா போடுகிறாரா? 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கண்டார்கள். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் அந்த மணல்வெளியை வாங்கினார்கள். காலையில் விற்க ஒன்று, மாலையில் தனக்கென்று ஒன்று எனக் கையைப் பழக்கினார்கள். யாருடைய தயவுக்கும் காத்திருக்கவில்லை. தில்லி அகாதெமியின் கண்காட்சிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஜே. சுல்தான் அலியும் பிறகு அங்கேதான் போய்ச் சேர்ந்தார். விலை போடுவது பேராசை ஆகாது. இந்தப் பொருளுக்கு ஒரு மதிப்பு உண்டு, பேசலாம் என்று வருகிறவருக்குத் தரும் அழைப்பு அது. வாங்குகிறவருக்கும் பொறுப்பு வருகிறது: பணம் கொடுத்தவன் படத்தை இருமுறை பார்ப்பான்.

எனவே அமைப்பாளர்களிடமும் உங்களிடமும் நாலு வேண்டுகோள்.

ஒன்று: இன்று இரவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலை எழுதி ஒட்டுங்கள். விற்க மனமில்லாத படத்துக்கு 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதுங்கள். அதுவும் ஒரு தீர்மானம்தான்.

இரண்டு: படத்தின் கீழ் பெயரோடு, என்ன பொருளில் எந்த ஆண்டில் வரைந்தது என்பதையும் எழுதுங்கள். கையெழுத்தில்லாத கண்ணாடி ஓவியரின் கதி நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது.

மூன்று: வரும் ஆண்டு கண்காட்சியை நம் மொழிக்காரரோடு நிறுத்த வேண்டாம். இந்தக் குடியிருப்பில் மதுபனி வரைகிற மிதிலைப் பெண்கள் இருப்பார்கள். வாசல் பலகை எழுதும் பெயின்டர் இருப்பார். காவலாளியின் மகன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பான். தேடிப் பிடியுங்கள்.

நான்கு: கண்காட்சி முடியும் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் போடுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். வரைந்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது, பார்த்தவர் பேசட்டும். 'அருமை' என்ற சொல்லுக்கு அன்று தடை. என்ன பார்த்தீர்கள், எது பிடிபடவில்லை, எந்த மூலை வெறுமையாக இருக்கிறது என்று சொல்லுங்கள். முதல் கூட்டத்தில் தயங்குவோம். மூன்றாவது கூட்டத்தில் சண்டை வரும். அப்போது இந்தக் கூடத்தில் ஒரு சபா பிறந்துவிட்டது என்று நான் நம்புவேன்.

சபா என்றால் கேண்டீன் எங்கே என்று அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். செயலாளரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கீரை வடையும் டிகிரி காபியும் உண்டு. ஆனால் ஒரு படத்தைப் பற்றியாவது வாய் திறந்தவருக்கு மட்டும்தான் பரிமாறப்படும்.